கோச் பிரைம்: கதவு திறந்திருக்கிறதா, கேமரா மட்டும் திறந்திருக்கிறதா?

மலையடிவாரம் | 3 செப்டம்பர் 2023, காலை 7:40

நேற்று ஃபோர்ட் வொர்த்தில் நம் கொலராடோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி செய்ததை இன்னும் நம்ப முடியவில்லை. கொலராடோ 45, டெக்சஸ் கிறிஸ்டியன் 42. அவர்கள் சென்ற சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனவர்கள். நாம் பன்னிரண்டில் பதினொன்றைத் தோற்றவர்கள். இருபது புள்ளிக்கு மேல் அடிவாங்குவோம் என்றுதான் பந்தயக்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பந்தை வீசும் இடத்தில் ஆடும் ஷெடூர் சாண்டர்ஸ் மொத்தம் 510 யார்டு வீசினார். நம் பல்கலைக்கழகத்தில் இதுவரை யாரும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு வீசியதில்லை. டிராவிஸ் ஹண்டர் தாக்குதலுக்கும் இறங்கினார், தடுப்புக்கும் இறங்கினார். அந்த வெயிலில் எனக்குப் பார்க்கவே மூச்சு வாங்கியது.

இந்த இழையைத் தொடங்குவது ஸ்கோரைப் பேச அல்ல, எல்லோரும் 'கோச் பிரைம்' என்று கூப்பிடும் நம் தலைமைப் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸைப் பேச. நான் பல்கலைக்கழகம் இருக்கும் போல்டருக்குப் பதினைந்து மைல் தள்ளிக் குடியிருக்கிறேன். இதற்கு முன்பு இருந்த பயிற்சியாளர்களில் ஒருவருடைய குரல்கூட எனக்கு அடையாளம் தெரியாது. இவர் வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. மூத்த மகன் யூடியூப் சேனல் நடத்துகிறார். குழுக்கூட்டம், உடற்பயிற்சிக்கூடம், பஸ் என்று எதையும் விடுவதில்லை. காலையில் கோச் பையன்களிடம் என்ன சொன்னார் என்பது மாலையில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. கல்லூரிக் கால்பந்தில் இவ்வளவு எளிதாக நெருங்க முடிகிற பயிற்சியாளரை நான் கண்டதில்லை. பையன்களை உசுப்பும் விதமும் தனி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


பழைய எருமை | 3 செப்டம்பர் 2023, காலை 8:25

தம்பி, ஒரு வெற்றிக்கே தூக்கம் போய்விட்டதா? எனக்கும் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

நான் இங்கே மாணவனாக வந்தபோது பில் மெக்கார்ட்னி பயிற்சியாளராக இருந்த காலம். 1990இல் தேசியப் பட்டம் வந்ததைக் கண்ணால் பார்த்தவன். அதற்குப் பிறகு பார்த்ததை எல்லாம் சொன்னால் நீங்கள் இழையை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். மெல் டக்கர் ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டு 2020 பிப்ரவரியில் மிச்சிகன் ஸ்டேட்டுக்குக் கிளம்பினார். கார்ல் டோரல் சென்ற ஆண்டு முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றதும் வெளியே அனுப்பப்பட்டார். நம் ஃபோல்சம் ஃபீல்டு மைதானத்தில் ஐம்பதாயிரம் இருக்கை. நானும் என் மனைவியும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்த ஆட்டங்கள் உண்டு.

ஏப்ரல் 22 அன்று வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்குப் போனேன். பயிற்சி ஆட்டம், கவனியுங்கள். நம் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. அதற்கு முந்தைய ஆண்டு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வந்தார்கள். இந்த ஆண்டு 47,277. அதுவும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பலகை இருக்கையில் படிந்த பனியைக் கையுறையால் வழித்துத் தள்ளிவிட்டு, கொண்டுபோன அட்டையை விரித்து உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்தில் அட்டை ஊறிவிட்டது. அப்போது பெகி காப்பம் அம்மையாரை மைதானத்துக்குள் அழைத்து வந்தார்கள். 98 வயது. 1940களிலிருந்து இந்த அணியின் ஆட்டங்களுக்கு வருகிறவர். தொடக்க உதையை அவரைக் கொண்டு உதைக்கச் செய்தார் கோச். எனக்குப் பின்னால் இருந்த இளைஞர் கூட்டம் அதுவரை கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அடங்கிவிட்டது.

பழைய ரசிகர் எவரையும் எந்தப் புதிய பயிற்சியாளரும் தேடி வந்ததில்லை. இவர் வந்த சில மாதத்திலேயே யார் மூத்தவர் என்று கண்டுபிடித்தார். எனக்கு அது போதும்.


ஒமாஹாக்காரன் | 3 செப்டம்பர் 2023, காலை 9:02

எதிரி முகாமிலிருந்து வணக்கம். நெப்ராஸ்கா ரசிகன். அடுத்த சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறோம்.

எங்களுக்கும் இந்த ஆண்டுதான் புதுப் பயிற்சியாளர், மேட் ரூல். வந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜனவரிக் குளிரில் தன் உதவியாளர்களோடு மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் படையெடுத்தார். சோளக்காட்டு நடுவில் இருக்கிற பள்ளிகளையும் விடவில்லை. அங்கிருக்கும் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து பேசினார். எங்கள் ஊரில் நெருங்க எளியவர் என்றால் இதுதான் பொருள். உங்கள் வீட்டுத் திண்ணைக்கு அவர் வர வேண்டும். அவர் வீட்டு ஜன்னலை நீங்கள் எட்டிப்பார்க்க விடுவதற்குப் பெயர் வேறு.


மலையடிவாரம் | 3 செப்டம்பர் 2023, காலை 9:10

மின்னசோட்டாவிடம் 13-10 என்று தோற்றுவிட்டு வந்து திண்ணை பேசுகிறீர்களே ஐயா.


ஒமாஹாக்காரன் | 3 செப்டம்பர் 2023, காலை 9:11

அது கடைசி நொடி உதை. புண்ணில் உப்பைத் தேய்க்காதீர்கள்.


கணக்கப்பிள்ளை | 3 செப்டம்பர் 2023, மதியம் 12:30

எல்லோரும் கொண்டாடும் வீட்டில் ஒருவன் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சென்ற டிசம்பரில் சாண்டர்ஸ் வந்த மறுநாள் நடந்த முதல் குழுக்கூட்டத்தின் காணொளி இணையத்தில் கிடக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த பையன்களிடம் அவர் சொன்னதன் சாரம் இது: நான் என் பெட்டிகளோடு வருகிறேன், அவை லூயி வுட்டான் பெட்டிகள், சில இடங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது, நீங்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் குதிக்கத் தயாராகுங்கள், நீங்கள் போகப்போக எனக்கு இடம் காலியாகும்.

போனார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். நேற்று மைதானத்தில் நின்ற அணியில் எண்பதுக்கு மேல் புதுமுகங்கள். பிட்ஸ்பர்க் பயிற்சியாளர் பேட் நார்டுஸி, மாற்றல் விதியைக் கொண்டுவந்தது இதற்காக அல்ல என்று வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். மற்றப் பயிற்சியாளர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் அடுத்த ஆண்டு இதையே செய்ய நினைத்திருக்கலாம்.

இதை ஊக்கமூட்டல் என்று சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஆட்களைக் குடிவைத்தால் அந்த வீட்டுக்காரர் யாரையும் திருத்தவில்லை. குடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நேற்று 510 யார்டு வீசியவர் அவருடைய இன்னொரு மகன். பந்தைப் பிடித்த ஹண்டர், அவர் முன்பு பயிற்சியளித்த ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து அவரோடு வந்தவர். பெட்டி நல்ல பெட்டிதான், மறுக்கவில்லை.


புதியவன் | 3 செப்டம்பர் 2023, மதியம் 1:05

மன்னிக்கவும், நான் கிரிக்கெட் பக்கத்திலிருந்து வந்தவன். இந்த போர்ட்டல் என்றால் என்ன? கோச் நினைத்தால் மாணவனை வெளியே அனுப்பிவிடலாமா?


கணக்கப்பிள்ளை | 3 செப்டம்பர் 2023, மதியம் 1:20

வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பும் வீரர் தன் பெயரைப் பதிவுசெய்யும் பட்டியல் அது. முன்பெல்லாம் மாறினால் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும். 2021 முதல், முதல்முறை மாறுகிறவர் உடனே ஆடலாம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கவும் தடையில்லை. இரண்டும் சேர்ந்ததும் சந்தை திறந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் பதில்: புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளர் தன் முதல் ஆண்டில் வீரரை அணியிலிருந்து நீக்கலாம். ஆனால் அந்தப் பையன் அங்கேயே படிக்க விரும்பினால் உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் தொடர்ந்து தர வேண்டும். படிப்பு இருக்கும், சட்டை இருக்காது.


செந்தாமரை | 3 செப்டம்பர் 2023, மாலை 6:15

நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் மகன் சொல்லித்தான் அந்த முதல் கூட்டத்துக் காணொளியைப் பார்த்தேன். பிறகு தனியாக இன்னும் இரண்டு முறை பார்த்தேன்.

முதல்முறை அவரைப் பார்த்தேன். மூன்றாவது முறை பையன்களைப் பார்த்தேன். பதினெட்டு, பத்தொன்பது வயது. யாரும் அசையவில்லை. வகுப்பில் நான் ஒருவனைக் கண்டிக்கும்போது மற்றவர்கள் மேசையைப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தப் பார்வை.

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். பதினோரு ஆட்டம் தோற்ற அணியிடம் இனிக்க இனிக்கப் பேச முடியாது. "இங்கே உனக்கு வாய்ப்பில்லை" என்று முதல் நாளே சொல்வது, இரண்டு ஆண்டு ஏமாற்றுவதைவிட நேர்மை. ஆசிரியையாக இதை ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். அந்தக் கேமரா ஏன் அங்கே இருந்தது? கண்டிக்கிறவர் ஆள் வைத்துப் படம்பிடித்துக்கொண்டே கண்டித்தால், அந்தக் கண்டிப்பு எதிரே இருப்பவனுக்கா, பார்க்கப்போகிற நமக்கா?


நாலாம் கால்பகுதி | 3 செப்டம்பர் 2023, இரவு 9:40

செந்தாமரை அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதில் நான் ஊரில் வாலிபால் ஆடினேன். மாவட்ட அணிக்குத் தேர்வு. எங்கள் பயிற்சியாளர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வாயைத் திறந்தால் வசவுதான், மைதானத்தில் எல்லோர் காதும் கூசும். தேர்வுக்கு முந்தைய நாள் என்னைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப் போனார். இரண்டு டீ சொன்னார். டம்ளரை ஆற்றிக்கொண்டே, "உன் உயரத்துக்கு இதற்கு மேல் இல்லையடா. நாளையிலிருந்து சாயங்காலம் படி" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தபடி, நான் முகம் துடைத்து முடிக்கும்வரை டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மூன்று நாள் அவரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அந்த டீக்கடைச் சங்கதி இன்றுவரை எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

அந்தப் பேச்சு யூடியூபில் இருந்திருந்தால் நான் படித்திருப்பேனா என்று தெரியவில்லை.


மலையடிவாரம் | 3 செப்டம்பர் 2023, இரவு 10:15

அண்ணா, மனதைத் தொட்டுவிட்டீர்கள். ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உங்கள் வாத்தியார் ஊர்க்காரர், நாளைக்கும் அதே தெருவில் பார்ப்பீர்கள். இது கோடிக்கணக்கில் டாலர் புரளும் இடம். ஐந்து ஆண்டுக்கு 29.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கையெழுத்தான நேரத்தில் அந்தப் பணம் கையில் இல்லை, வந்துவிடும் என்று நம்புகிறேன் என்று விளையாட்டுத் துறை இயக்குநர் ரிக் ஜார்ஜே சொன்னார். கேமரா வந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் பணம் வரும். இந்த ஏற்பாட்டில் கேமரா ஆடம்பரம் இல்லை, உலைக்கு அரிசி.


செந்தாமரை | 3 செப்டம்பர் 2023, இரவு 10:22

அரிசி என்று ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, நல்லது. நெருக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.


பழைய எருமை | 9 செப்டம்பர் 2023, மாலை 3:30

36-14. ஒமாஹாக்கார நண்பரே, திண்ணையில் இருக்கிறீர்களா?


ஒமாஹாக்காரன் | 9 செப்டம்பர் 2023, மாலை 5:10

இருக்கிறேன். பந்தைக் கையில் வைத்திருக்கத் தெரியாதவர்களை ஆதரிப்பது என் தலையெழுத்து.

ஒன்று சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன் எங்கள் அணி மைதான நடுவில் உங்கள் எருமைச் சின்னத்தின் மேல் கூடி நின்றது, பயிற்சியாளரும் அங்கேயே நின்றார், அது பெரிய அவமதிப்பு என்று ஷெடூர் பேட்டி கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிய மனிதர் உங்கள் எருமையை மிதிப்பதற்காகவா வந்தார்? தந்தையும் மகனும் எதையெடுத்தாலும் தங்களை யாரோ அவமதித்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதைத்தான் இவர் ஊக்கம் என்று விற்கிறார். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஓர் எதிரி வேண்டும். எதிரி தீர்ந்துபோனால் என்ன செய்வார்?


மலையடிவாரம் | 17 செப்டம்பர் 2023, அதிகாலை 1:50

இன்னும் தீரவில்லை! இந்த வார எதிரணியான கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜே நார்வெல் வாரம் முழுக்கப் பேசும்படி ஒன்றைச் சொல்லி வைத்தார்: பெரியவர்களோடு பேசும்போது தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றுவேன், என் அம்மா அப்படித்தான் வளர்த்தார் என்று. எப்போதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருக்கும் நம்மவர் என்ன செய்தார்? பையன்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி! முடிவு, இரண்டு கூடுதல் ஆட்டப் பகுதி வரை இழுத்து 43-35. கடைசி நிமிடங்களில் 98 யார்டு நகர்ந்து சமன் செய்தார்கள். நான் சோபாவின் மேல் ஏறி நின்றேன். மனைவி இறங்கச் சொன்னாள்.


கணக்கப்பிள்ளை | 17 செப்டம்பர் 2023, காலை 10:00

ஹண்டருக்கு ஈரலில் கிழிசல். பந்து போன பிறகு வந்து மோதினார்கள். சில வாரம் ஆட முடியாது. அதையும் எழுதுங்கள்.


செந்தாமரை | 20 செப்டம்பர் 2023, இரவு 8:05

இன்று நான் சாண்டர்ஸுக்கு வக்கீல்.

ஹண்டர்மேல் மோதிய அந்த எதிரணி மாணவனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்திருக்கின்றன. அவனுடைய வீட்டாருக்கும்தான். நம் ஆட்கள் அனுப்பியதுதான், பூசி மெழுகுவதில் பயனில்லை. சாண்டர்ஸ் செய்தியாளர்கள் முன் அவனுக்காகப் பேசினார். நல்ல ஆட்டக்காரன், தவறிச் செய்துவிட்டான், இதற்காக எந்தப் பையனும் உயிர்ப் பயத்தோடு இருக்கக் கூடாது, ஹண்டரே மன்னித்துவிட்டான், நீங்கள் யார் என்ற பொருளில். குரலை உயர்த்தவில்லை. கண்ணாடி விற்ற அதே வாய்தான்.

இதுவும் கேமரா முன்தான் நடந்தது, தெரியும். சில பேச்சைக் கேமரா முன் பேசத்தான் வேண்டும். சில பேச்சைப் பேசக் கூடாது. எது எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்பதால்தான் டிசம்பர்க் கூட்டத்தின் மேல் என் கோபம் இன்னும் கூடுகிறது.


ஒமாஹாக்காரன் | 23 செப்டம்பர் 2023, மாலை 6:00

ஓரிகன் 42, கொலராடோ 6. தொலைக்காட்சியில் ஓரிகன் பயிற்சியாளர் டேன் லேனிங்கின் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சைப் போட்டார்கள். அவர்கள் இணையச் சொடுக்குகளுக்காக ஆடுகிறார்கள், நாம் வெற்றிக்காக ஆடுகிறோம் என்றார். பிறர் பேசியதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு ஆடும் வித்தை இவருக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.


பழைய எருமை | 23 செப்டம்பர் 2023, இரவு 7:45

தன் லாக்கர் ரூம் பேச்சுக்குக் கேமராவை உள்ளே விட்டுக்கொண்டுதான் லேனிங் அதைச் சொன்னார். இந்த நகைச்சுவை உங்கள் கண்ணில் படவில்லையா?

நம்மவர் பிறகு சொன்னதைக் கேட்டேன். நல்ல அடி வாங்கினோம் என்று ஒத்துக்கொண்டார். சாக்குச் சொல்லவில்லை. என்னை வீழ்த்த வேண்டுமானால் இப்போதே வீழ்த்திக்கொள்ளுங்கள், இதைவிட மோசமாக நாங்கள் இருக்கப்போவதில்லை என்றார். தோற்ற அரை மணி நேரத்தில் அப்படிச் சொல்ல ஒரு தெம்பு வேண்டும்.


நாலாம் கால்பகுதி | 14 அக்டோபர் 2023, அதிகாலை 2:15

ஸ்டான்ஃபோர்ட். முதல் பாதி முடிவில் 29-0 என்று முன்னிலை. கடைசியில் 46-43 தோல்வி. இடைவேளையில் என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு முறைதான் ஆசைப்பட்டேன். எதிரே பகைவனும் இல்லை, அவமதித்தவனும் இல்லை, 29 புள்ளி கையில். அந்த நிலையில் ஓர் அணியைத் தட்டியெழுப்ப வேறு ஒரு பேச்சு வேண்டும். அது அவரிடம் இருக்கிறதா?


கணக்கப்பிள்ளை | 26 நவம்பர் 2023, காலை 11:20

புத்தகத்தை மூடுகிறேன். மூன்று வெற்றியோடு தொடங்கி, கடைசியில் 4 வெற்றி, 8 தோல்வி. மகன் ஷெடூர் 52 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். எவ்வளவு உசுப்பினாலும் முன்வரிசையில் தடுக்கிறவன் தடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. நடுவில் தாக்குதல் பிரிவின் பொறுப்பாளர் ஷான் லூயிஸிடமிருந்து ஒவ்வொரு நகர்விலும் என்ன ஆடுவது என்று முடிவுசெய்யும் வேலையைப் பிடுங்கி பேட் ஷர்மரிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் காட்டும் அந்தக் கேமரா, அதற்கான காரணத்தை மட்டும் காட்டவில்லை.

நேர்மைக்காக வரவுப் பக்கத்தையும் எழுதுகிறேன்: சொந்த மைதானத்தில் ஆடிய ஆறு ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்தது. வெற்றி போன ஆண்டு ஒன்று, இந்த ஆண்டு நான்கு.


நெறியாளர் | 26 நவம்பர் 2023, மதியம் 12:05

மகனின் பெயரை வைத்து வசைபாடிய ஏழு பதிவுகள் நீக்கப்பட்டன. பயிற்சியாளரைப் பேசுங்கள், பிள்ளைகளை விடுங்கள். அடுத்த சீசன் வரை இழை பூட்டப்படுகிறது.


கணக்கப்பிள்ளை | 24 ஆகஸ்ட் 2024, காலை 9:30

பூட்டைத் திறந்ததற்கு நன்றி. தலைப்பின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

டென்வர் போஸ்ட் நாளிதழின் பத்தி எழுத்தாளர் ஒருவர் இனிச் செய்தியாளர் சந்திப்பில் கால்பந்து பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்று கொலராடோ விளையாட்டுத் துறை அறிவித்திருக்கிறது. சாண்டர்ஸைத் தொடர்ந்து தனிப்பட்ட முறையில் தாக்கி எழுதினாராம். பொய்த் தீர்க்கதரிசி என்று எழுதினார், உண்மை. அதே நாளிதழின் மற்றவர்கள் கேட்கலாம், இவர் மட்டும் கூடாது. இவர் வந்து உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது.

தன் வீட்டு யூடியூபுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. கேள்வி கேட்கிறவனுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. இதற்குப் பெயர்தான் நெருங்க எளியவரா மலையடிவாரம்?


மலையடிவாரம் | 24 ஆகஸ்ட் 2024, காலை 10:45

இல்லை. இதில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். மாநிலப் பல்கலைக்கழகம் அது, என் வரிப்பணமும் போகிறது. பிடிக்காத கேள்வி என்றால் பதில் சொல்லாமல் அடுத்தவரைக் கைகாட்டலாமே. 15 விநாடி வேலை. அதற்கு அறிக்கை விட்டு, அந்த எழுத்தாளரை நாடு முழுக்கப் பிரபலமாக்கிவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பத்திகளையும் நான் படித்தேன். பட்டப்பெயர் வைப்பதில்தான் அவருக்கு ஆர்வம் இருந்தது. முன்வரிசை ஏன் உடைந்தது என்று எழுதியிருந்தால் நான் இன்னும் உரக்கக் கத்தியிருப்பேன்.


ஒமாஹாக்காரன் | 24 ஆகஸ்ட் 2024, மதியம் 1:15

வீரர்களைச் சேர்க்க அவர்களுடைய வீட்டுக்கோ பள்ளிக்கோ போக மாட்டேன், அதற்கு எனக்கு வயதாகிவிட்டது, வேண்டுமானால் அவர்கள் இங்கே வரட்டும் என்ற பொருளில் இவர் முன்பே பேசியதும் நினைவிருக்கட்டும். சென்ற ஆண்டு நான் சொன்ன திண்ணைக் கதை அதுதான். ஒரு தாயின் சமையலறையில் உட்கார்ந்து அவள் கொடுத்ததைச் சாப்பிட்டு, உன் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது இந்தத் தொழிலின் பழைய மரியாதை.


பழைய எருமை | 24 ஆகஸ்ட் 2024, மதியம் 2:00

அந்தச் சமையலறையில் சத்தியம் செய்துவிட்டு எட்டு மாதத்தில் வேறு ஊருக்குப் பறந்த பயிற்சியாளர்களின் பட்டியல் வேண்டுமா நண்பரே? சாப்பாட்டு ருசிகூட நாக்கைவிட்டுப் போயிருக்காது. இவர் வரவும் இல்லை, பொய்ச் சத்தியம் செய்யவும் இல்லை. இடது காலில் இரண்டு விரலை 2021இல் எடுத்திருக்கிறார்கள், ரத்த உறைவு. மைதானத்தில் அவர் விந்தி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வீடு வீடாகப் போகாததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதையும் கணக்கில் எடுக்காமல் பேசுவது பாவம்.


செந்தாமரை | 15 டிசம்பர் 2024, காலை 8:40

ஹண்டருக்கு ஹெய்ஸ்மன் கோப்பை, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான விருது! 1994இல் ரஷான் சலாமுக்குப் பிறகு நம் பல்கலைக்கழகத்துக்கு இப்போதுதான். அணி 9 வெற்றி, 3 தோல்வி என்று, சீசன் முடிவில் நல்ல அணிகளுக்கு நடக்கும் கிண்ண ஆட்டத்துக்குப் போகிறது. கணக்கப்பிள்ளை எங்கே?

நேற்று இரவு விழாவை மகனோடு பார்த்தேன். அவன் உள்ளூர்ப் பள்ளி அணியில் மூன்றாம் வரிசையில் இருக்கிறான், ஆட்டத்தில் இறங்குவது அபூர்வம். "அம்மா, ஹண்டர் பெரிய பல்கலைக்கழகங்களை எல்லாம் விட்டுவிட்டு அவரை நம்பி ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போனான், பிறகு இங்கேயும் வந்தான், அவரிடம் ஏதோ இருக்கிறது" என்றான். இருக்கிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். தான் தேர்ந்தெடுத்த பிள்ளையிடம் அந்த மனிதர் காட்டும் நம்பிக்கைக்கு அளவில்லை. தேர்ந்தெடுக்காத பிள்ளைகள்தான் இன்னும் எனக்கு அந்தக் காணொளியில் தெரிகிறார்கள். மகனிடம் இதைச் சொல்லவில்லை.


கணக்கப்பிள்ளை | 15 டிசம்பர் 2024, காலை 9:15

இங்கேதான் இருக்கிறேன். ஒன்று, நான்கு, ஒன்பது. இந்த வரிசைக்கு என்னிடம் பதில் இல்லை. கிண்ண ஆட்டம் முடியட்டும், பேசுவோம்.


கணக்கப்பிள்ளை | 29 டிசம்பர் 2024, காலை 9:00

பிரிகம் யங் 36, கொலராடோ 14. பேசுவோம் என்றேன். விடுங்கள், கொண்டாடிக்கொள்ளுங்கள், நல்ல ஆண்டுதான்.


மலையடிவாரம் | 29 ஜூலை 2025, இரவு 9:20

இந்த இழையை மறுபடி எழுப்புகிறேன். மார்ச்சில் 54 மில்லியன் டாலருக்குப் புது ஒப்பந்தம் போட்டார்களே, அதைப் பற்றி அல்ல.

நேற்றைய சந்திப்பைப் பார்த்தீர்களா? சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருந்ததாம். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பையையே அகற்றிவிட்டுக் குடலின் ஒரு பகுதியைக் கொண்டு புதிதாக அமைத்திருக்கிறார்கள். குணமாகிவிட்டது என்று மருத்துவர் பக்கத்திலிருந்து சொன்னார். அதன்பின் இவர் பேசினார். சிறுநீரை முன்போல் அடக்க முடிவதில்லை, பெரியவர்கள் கட்டும் டயபர் கட்டுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆடிய காலத்தில் தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை இருமுறை வென்ற மனிதர். நடை, உடை, தங்கச் சங்கிலி என்று வாழ்நாள் முழுக்கத் தன்னை அலங்கரித்துக்கொண்டவர். ஆண்களே, போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார்.

சேனலில் எல்லாவற்றையும் காட்டுகிறார் என்று இரண்டு ஆண்டுக்கு முன் நான்தான் எழுதினேன். இதை இத்தனை நாள் காட்டவில்லை. காட்டியபோது முழுதாகக் காட்டினார்.


செந்தாமரை | 29 ஜூலை 2025, இரவு 9:55

பார்த்தேன். அந்தச் சந்திப்பில் முதல்முறையாகக் கேமரா அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது போல இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.


கணக்கப்பிள்ளை | 30 ஜூலை 2025, காலை 6:50

எனக்கு 53 வயது. சிறுநீரில் நிறம் மாறி மூன்று மாதம் ஆகிறது. வெயில், தண்ணீர் குடிக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லி வந்தேன். நேற்று அந்தக் காணொளியை அவளும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. தொலைபேசியை எடுத்து என் முன் வைத்தாள். வியாழக்கிழமை காலை 8:30க்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பத்தி எழுத்தாளர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.


பழைய எருமை | 30 ஜூலை 2025, காலை 7:05

மாற வேண்டாம். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் இரண்டு முறை அலைந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை, ஜார்ஜியா டெக் ஆட்டம். என் மனைவி இந்த முறை வரவில்லை, முட்டி வலி. கிழக்குப் பக்கம், 40 யார்டு கோட்டுக்கு நேரே, ஒரு டிக்கெட் மிச்சம். உங்களுக்கென்று எடுத்து வைக்கட்டுமா?


கணக்கப்பிள்ளை | 30 ஜூலை 2025, காலை 7:20

ஓரத்து இருக்கையா? ஓரம் என்றால் வருகிறேன். அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது.